மூக்கோரம் சிவப்புக் கோடுகள்: வாசகர் கேள்விகளும் தோல் மருத்துவர்களின் பதில்களும்

முகத்தில் மெல்லிய ரத்தக்குழாய்கள் சிவப்பாகவும் ஊதாவாகவும் வெளியே தெரிவது பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களைச் சேர்த்துப் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

எனக்கு 47 வயசுங்க. சின்ன வயசுல இருந்து தோட்டங்காட்டு வேலைதான். ரெண்டு வருசமா மூக்கோரத்துலயும் கன்னத்துலயும் சிவப்பு நூலாட்ட நரம்பு தெரியுது. வலியோ அரிப்போ இல்ல. ரத்தம் கெட்டுப் போச்சு, ஈரல்ல கோளாறுன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. பயமா இருக்குதுங்க.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

உங்கள் ரத்தம் கெடவில்லை. கன்னத்திலும் மூக்கோரத்திலும் மட்டும் இருக்கும் இந்தக் கோடுகள், தோலின் மேற்பகுதியில் எல்லோருக்கும் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள்தான். அவை விரிந்துபோய், திரும்பச் சுருங்க முடியாமல் நின்றுவிட்டன. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான் இருக்கும். கன்னத்தில் இருப்பவை மெல்லியதாகச் சிவப்பாக இருக்கும். மூக்கு மடலின் ஓரத்தில் இருப்பவை சற்றுத் தடித்து ஊதாவாகத் தெரியும்.

குழாயைச் சுற்றித் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்களை வெயிலின் புற ஊதாக் கதிர் வருடக்கணக்கில் அரிக்கிறது. பல தடவை இழுத்துத் தளர்ந்த எலாஸ்டிக் மாதிரி குழாய்ச் சுவர் ஆகிவிடுகிறது. தோட்டத்து வேலையில் முகத்தில் அதிக வெயில் வாங்கும் இடங்கள் மூக்கும் கன்ன மேடும்தான் என்பதால் அங்கேதான் முதலில் தெரிகிறது. வீட்டில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ இருந்திருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். மாநிறத்துக்காரர்களைவிடச் சிவந்த நிறத்துக்காரர்களுக்குச் சீக்கிரம் கண்ணில் படும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். சுத்தமான கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அந்தக் கோட்டின் மேல் மெதுவாக அழுத்துங்கள். கோடு மறைந்து, எடுத்ததும் திரும்ப வந்தால் அது விரிந்த ரத்தக்குழாய். அழுத்தியும் மறையாவிட்டால் அது தோலுக்குள் கசிந்த ரத்தமாகவோ வேறு புள்ளியாகவோ இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஈரல் பற்றிச் சொன்னவர்கள் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் ஈரல் நோயில் வருவது வேறு வடிவம். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, அதிலிருந்து சுற்றிலும் சிலந்திக் கால்களாகக் கிளைகள். நடுப்புள்ளியைப் பேனா முனையால் மெல்ல அழுத்தினால் கால்கள் எல்லாம் வெளுக்கும், விட்டதும் நடுவிலிருந்து வெளிநோக்கி நிறையும். இப்படி ஒன்றிரண்டு ஆரோக்கியமானவர்களுக்கும், குழந்தைகளுக்கும்கூட இருக்கலாம். முகம், கழுத்து, மார்பு, தோள் எல்லாம் சேர்த்து ஐந்துக்கு மேல் புதிதாக வந்திருந்தால், அதிலும் மதுப் பழக்கமோ பழைய மஞ்சள் காமாலையோ இருந்தால், ஈரல் பரிசோதனை ரத்தத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இன்னும் சில அடையாளங்களைக் கவனியுங்கள். குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாகி, விரல் தோல் இறுகி, முகத்திலும் உதட்டிலும் சதுரம் சதுரமாகச் சிவப்புத் திட்டு வந்தால் அது தோல் இறுக்க நோயாக இருக்கலாம். மூக்கிலோ கண் ஓரத்திலோ முத்துப்போல் பளபளக்கும் சிறு கட்டி, அதன் மேல் கிளைவிட்ட ரத்தக்குழாய், நடுவில் ஆறி ஆறித் திரும்பும் புண் என்றால் அது தோல் புற்றுநோயின் ஒரு வகையாக இருக்கக்கூடும். மெதுவாக வளரும், சீக்கிரம் எடுத்தால் குணமாகும். அந்தக் கட்டியின் மேல் யாரும் லேசர் வைக்க விடாதீர்கள். முதலில் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

நீங்கள் எழுதியபடி கோடுகள் மட்டும் என்றால் வைத்தியம் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. உறுத்தினால் எடுத்துக்கொள்ளலாம். உறுத்தாவிட்டால் வெயிலை மட்டும் தடுங்கள்.

திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலைங்க. வயசு 29. மங்குக்காக மெடிக்கல்ல ஒரு டியூப் வாங்கி மூணு வருசமா ராத்திரி பூசறேன். மொதல்ல நல்லா வெளுப்பாச்சு. இப்ப கன்னமெல்லாம் சிவந்து நரம்பு நரம்பாத் தெரியுது. பூசாம விட்டா நாலு நாள்ல எரிச்சல் தாங்கல, பரு பருவா வருது. திரும்பப் பூசினா அடங்குது. என்ன பண்றதுங்க?
– வாசகி, திருப்பூர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பங்கு இதே கதைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மங்குக்கு விற்கும் கூட்டுக் களிம்புகளில் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாய்ன் இரண்டோடு ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்கும். மருத்துவர் பார்த்துச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்து அது. வருடக்கணக்கில் பூசும் க்ரீம் கிடையாது. 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத அட்டவணை எச்-இல் கொண்டுவந்தது. அப்படியிருந்தும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. பூசியவரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனமில்லை. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்டீராய்டு முதலில் ரத்தக்குழாயைச் சுருக்கும். அதனால்தான் முகம் வெளுத்ததுபோல் தெரிந்தது. கூடவே தோல் புதிதாகக் கொலாஜன் செய்வதையும் அது நிறுத்துகிறது. மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் குழாய்கள் பிடிமானம் இழந்து வெளியே தெரிகின்றன. களிம்பை நிறுத்தியதும், அதுவரை இறுக்கி வைத்த குழாய்கள் ஒரேயடியாக விரிகின்றன. எரிச்சல், சிவப்பு, பரு எல்லாம் அதனால்தான். திரும்பப் பூசினால் அடங்குவது குணமாகி அல்ல, திரும்பச் சுருங்கி. இந்தச் சுழலில் ஒவ்வொரு சுற்றும் தோலை இன்னும் மெலிய வைக்கிறது.

அதனால் களிம்பை விட்டே ஆக வேண்டும். மூன்று வருடம் பூசியிருப்பதால் தனியாக முயல வேண்டாம். டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். கோவை, திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பெருந்துறையிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. வீரியம் குறைந்த ஒன்றுக்கு மாற்றி, தினமும் என்பதை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இருமுறை என்று இறக்குவார்கள். சிலருக்கு உடனே நிறுத்தச் சொல்லி, எரிச்சலுக்கு டாக்ரோலிமஸ் களிம்பும், பருவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையும் தருவார்கள். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ அந்த மாத்திரை ஆகாது. முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நிறுத்திய முதல் இரண்டு வாரம்தான் மிகவும் சிரமம். அப்போது மனம் தளர்ந்து பழைய டியூபை எடுப்பவர்கள் அதிகம். டியூபை வீட்டில் வைக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை முகத்தில் 10 நிமிடம் போடுங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். சோப்பை விட்டு, நுரைக்காத க்ளென்சருக்கு மாறுங்கள். வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் காலையும் மாலையும். ப்ளீச், பேஷியல், ஸ்க்ரப், ஆவி, மேலுதட்டு த்ரெடிங் எல்லாம் ஆறு மாதத்துக்கு வேண்டாம். அயர்னிங், ஸ்டீம் பகுதியில் வேலை என்றால் சூடு நேராக முகத்தில் அடிக்காத இடம் கேட்டுப் பாருங்கள்.

எரிச்சல் சில வாரங்களில் குறையும். சிவப்பு அடங்க மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தோல் தேறும்போது மெல்லிய கோடுகளில் கொஞ்சம் தானாக மங்கும். தடித்தவை நிற்கும். அவற்றுக்கு லேசர் உண்டு, ஆனால் முகம் முழுக்க அமைதியான பிறகுதான். எரிந்துகொண்டிருக்கும் தோலில் லேசர் வைத்தால் கரும்புள்ளி நிச்சயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பெயர்ப் பட்டியல் இல்லாமல், மூலிகை என்று மட்டும் எழுதி, ஒரு வாரத்தில் வெளுப்பாகும் என்று விற்கும் டப்பாக்களில் ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்கக்கூடும். 2023-இல் பக்கத்துக் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், பாதரசம் கலந்த வெளுப்பு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்தது மருத்துவர்களால் கண்டுபிடிக்கப்பட்டது. இணையத்தில் ஆர்டர் போடும் டப்பாக்களுக்கும் இது பொருந்தும்.

வயசு 52. ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடறேன். சூடா டீ குடிச்சா, காரம் சாப்பிட்டா, ஆடிக் காத்துல வண்டி ஓட்டினா முகம் குப்புனு சூடாகுது. கன்னத்துல நரம்பும் தெரியுது. கண்ணுல மண்ணு விழுந்தாப்புல உறுத்துது. இது ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமா?
– வாசகர், பொள்ளாச்சி

சம்பந்தம் இருக்கிறது. நீங்கள் சொல்வது ரோசேசியா என்ற நோயின் அடையாளம். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் வரும் என்று நினைத்து நம் ஊரில் அடிக்கடி தவறவிடப்படுவது. மாநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது, கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியும். அதனால் நிறத்தைவிடச் சூடு, எரிச்சல், கண் உறுத்தல் மூன்றையும்தான் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

கண் உறுத்தலை முதலில் கவனியுங்கள். ரோசேசியா இமை ஓரத்தையும் கருவிழியையும் தாக்கலாம். வலி, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரைப் பாருங்கள்.

முகத்துக்கு மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் இவற்றில் ஏதாவது ஒரு களிம்பை மருத்துவர் எழுதுவார். இவை பருவையும் அழற்சியையும் அடக்கும், கோடுகளை எடுக்காது. பூசிய அரைமணியில் சிவப்பைக் குறைக்கும் பிரிமோனிடின் ஜெல்லும் உண்டு. சில மணி நேரம்தான் வேலை செய்யும், சிலருக்கு இறங்கும்போது முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். அன்றாடத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

அம்லோடிபின் உள்ளிட்ட அந்த வகை மாத்திரைகள் ரத்தக்குழாயை விரிப்பவை. முகச் சூடும், அபூர்வமாக வெயில் படும் இடங்களில் இந்தக் கோடுகளும் வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரை தொடங்கிய தேதியையும் கோடு தெரிய ஆரம்பித்த காலத்தையும் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள். மாற்று மாத்திரைகள் இருக்கின்றன.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று முகத்தைக் காயவைக்கும். வண்டியில் முகம் முழுக்க மூடும் கண்ணாடி வைத்த ஹெல்மெட் போடுங்கள், கிளம்புமுன் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். டீயை ஆறவிட்டுக் குடித்தால் போதும், டீயை விட வேண்டியதில்லை.

பார்லர்ல போட்டோ பேஷியல் ஒரே சிட்டிங்கில் போயிடும்கறாங்க. ஒரு கிளினிக்கில் லேசர் மூணு நாலு தடவை வேணும்கறாங்க. இன்னொரு டாக்டர் ஊசியிலேயே சுட்டுடலாம்னு சொல்றார். எதை நம்புறது? என் நிறம் மாநிறம்.
– வாசகி, ஈரோடு

கடைசி வரியை நீங்கள் எழுதியது நல்லது. வைத்தியத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

எந்தக் களிம்பும் விரிந்து நின்றுவிட்ட குழாயை மூடாது. சூடுதான் மூடும். குழாய்ச் சுவர் சூட்டில் ஒட்டிக்கொள்ள, உடல் அதைச் சில வாரங்களில் கரைத்துவிடும். சுற்றியுள்ள தோல் வேகாமல் குழாயை மட்டும் எப்படிச் சுடுவது என்பதில்தான் கருவிக்குக் கருவி வித்தியாசம்.

லேசர் ஒளியை ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சிச் சூடாகிறது. ஆனால் தோலின் நிறமியான மெலனினும் அதே ஒளியை உறிஞ்சும். 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள கேடிபி லேசரும், 595 நானோமீட்டர் சாய லேசரும் வெளுத்த தோலில் அருமையாக வேலை செய்பவை. மாநிறத்தில் ஒளியில் கணிசமான பங்கை மெலனினே பிடித்துக்கொள்ளும், தோல் கன்றும். 1064 நானோமீட்டர் நீள்துடிப்பு என்டி-யாக் லேசரை மெலனின் குறைவாகவே பிடிக்கும், ஆழமாகவும் போகும். நம் நிறத்துக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானது அதுதான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹீமோகுளோபினும் அதைக் குறைவாகவே பிடிப்பதால் சக்தியைக் கூட்டி வைக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு முறை படிந்துவிட்டால் ஆழமாக வெந்து பள்ளத் தழும்பு விழும். மூக்கு மடலில் இது சீக்கிரம் நடக்கும்.

போட்டோ பேஷியல் என்பது லேசர் அல்ல. ஐபிஎல் என்ற பல அலைநீளம் கலந்த பளிச்சொளி. வடிகட்டியும் சக்தியும் சரியில்லாமல் மாநிறத்தில் போட்டால், கருவியின் செவ்வக முனை அளவுக்கே வரிவரியாகக் கருக்கும். தோல் மருத்துவர் இல்லாத பார்லரில் இதைச் செய்துகொள்ள வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறோம். ஒரே சிட்டிங்கில் போய்விடும் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசியால் சுடுவது மோசமான வழி அல்ல. மயிரிழை போன்ற ஊசி முனையில் ரேடியோ அலையோ மின்சாரமோ மிகக் குறைந்த அளவில் செலுத்தி, கோட்டின் மேல் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளியாகக் கண்ணிமைக்கும் நேரம் தொடுவார்கள். நான்கைந்து தனிக் கோடுகள், சிலந்திக் கால் வடிவில் ஒன்றிரண்டு என்றால் இதுவே போதும், செலவும் குறைவு. கடுகளவுப் பொருக்குகள் வந்து ஐந்தாறு நாளில் உதிரும். கன்னம் முழுக்க வலை மாதிரி இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது. தொடும் புள்ளிகள் பெருகினால் புள்ளித் தழும்பும் பெருகும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

மெல்லிய கன்னக் கோடுகளுக்கு ஒன்று முதல் மூன்று தடவை, மூக்கோரத்துக்கு அதற்கு மேலும் ஆகலாம். தடவைக்குத் தடவை நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி. மூடிய குழாய்களில் சில திரும்பத் திறக்கலாம், வெயில் தொடர்ந்தால் பக்கத்தில் புதிதாகவும் வரும். வருடம் ஒருமுறை சின்னத் திருத்தம் தேவைப்படலாம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் கூச்சப்படாமல் கேளுங்கள். லேசர் வைப்பவர் தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.டி.வி.எல். அல்லது டி.என்.பி. முடித்தவரா, உதவியாளரா? கருவியின் அலைநீளம் என்ன? குளிர்விக்கும் முனையோ குளிர்காற்றோ உண்டா? காதோரம் ஒரு சோதனைப் புள்ளி வைப்பீர்களா? மாநிறத்தில் சோதனைப் புள்ளிக்குப் பிறகு நான்கு வாரமாவது பார்க்க வேண்டும். கருப்பு உடனே வராது, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை தடவைக்கு என்பதை எழுதி வாங்குங்கள்.

லேசர் வைக்கும்போது கோடு சட்டென்று மறைய வேண்டும் அல்லது கருத்து நிற்க வேண்டும். தோல் சாம்பல் நிறமாகவோ வெள்ளையாகவோ மாறினால் சக்தி அதிகம், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ரப்பர் பேண்டு சுண்டியது போன்ற வலி இயல்பு, வெந்நீர் பட்டது போன்ற எரிச்சல் இயல்பல்ல. மரப்புக் களிம்பு வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். அது குழாயைச் சுருக்கிவிடும், இலக்கே கண்ணுக்குத் தெரியாது. வந்ததும் முகத்தில் நீண்ட நேரம் ஐஸ் வைப்பதும் அப்படித்தான். கண்ணுக்குக் கவசம் இல்லாமல் ஒரு துடிப்புகூட வைக்க விடாதீர்கள்.

கல்யாணம், காதுகுத்து என்று விசேஷம் இருந்தால் மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். வெயிலில் கருத்திருக்கும் முகத்தில் வைக்கக் கூடாது. பங்குனி, சித்திரையைத் தவிர்த்து ஐப்பசி முதல் தை வரை வைத்துக்கொள்வது எளிது.

லேசர் வெச்சு மூணு வாரமாச்சு. கோடு போயிடுச்சு, ஆனா அதே இடத்துல பழுப்புக் கோடு விழுந்திருக்கு. தப்பாயிடுச்சா?
– வாசகி, கரூர்

பெரும்பாலும் இது சூட்டுக்குப் பின் தோல் கூடுதலாகச் சுரக்கும் நிறமி. தொட்டால் சமமாக இருந்து, பள்ளமோ தடிப்போ இல்லாவிட்டால் மூன்று முதல் ஆறு மாதத்தில் மங்கும். பொருக்கைக் கிள்ளியது, முதல் வாரமே வெயிலில் போனது, குளிர்விப்பு போதாதது இவைதான் வழக்கமான காரணங்கள். சன்ஸ்க்ரீனை விடாமல் போடுங்கள். அசெலாயிக் அமிலம் உதவும், மருத்துவர் சொல்லும் வாரத்தில் தொடங்குங்கள். சீக்கிரம் போக வேண்டும் என்று மேலே சொன்ன ஸ்டீராய்டு கூட்டுக் களிம்பை மட்டும் தொட்டுவிடாதீர்கள். அடுத்த லேசரை, இது மங்கும்வரை தள்ளிப்போடுங்கள். பள்ளமாக இருந்தால் வைத்தவரிடமே உடனே காட்ட வேண்டும்.

காலில் நரம்புக்கு ஊசி மருந்து போட்டு மூடறாங்களே, முகத்துக்கும் போடலாமா?
– வாசகர், நாமக்கல்

வேண்டாம். மூக்கோரத்துச் சிரைகள் கண்ணுக்குப் பின்னால் போகும் சிரைகளோடும், அவை வழியாக மூளைக்கு அடியில் உள்ள ரத்தக் குழிவோடும் சேர்கின்றன. மருந்து வழி தவறினால் விபரீதம். முகத்துக்கு லேசரோ சூட்டூசியோதான்.

ஆறு மாசம் முழுகாம இருக்கேன். கன்னத்துலயும் கழுத்துலயும் சிவப்புச் சிலந்தி மாதிரி வந்திருக்கு. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?
– வாசகி, உடுமலைப்பேட்டை

குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் வருவது. பிரசவத்துக்குப் பின் இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் மறையும். இப்போது லேசர் வேண்டாம். ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் கடுமையாக அரித்தாலோ, கண் மஞ்சளித்தாலோ அன்றே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எங்கய்யனுக்கு அடிக்கடி மூக்குல ரத்தம் வருது. உதட்டுலயும் நாக்குலயும் சிவப்புப் புள்ளி இருக்குது. இப்ப எனக்கும் உதட்டுல ரெண்டு தெரியுது. லேசர் வெச்சு எடுத்துடலாமா?
– வாசகர், தாராபுரம்

புள்ளியை எடுப்பது பிறகு. மூக்கில் திரும்பத் திரும்ப ரத்தம், உதடு, நாக்கு, விரல் நுனியில் சிவப்புப் புள்ளி, நெருங்கிய ரத்த உறவில் இன்னொருவருக்கு அதே தொந்தரவு மூன்றும் சேர்ந்தால், பரம்பரையாக வரும் ஒரு ரத்தக்குழாய் நோயைச் சந்தேகிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. நுரையீரல், மூளை, ஈரலிலும் ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று தவறாக இணைந்திருக்கலாம். வெளியே தெரியாமல் இருந்து பிற்பாடு பக்கவாதமோ ரத்தப்போக்கோ வரலாம். இருவரும் ஒன்றாகப் போய், உங்கள் அய்யாவின் ரத்த அளவையும் நுரையீரலையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நுரையீரலைப் பார்க்க, கையில் ஊசி வழியே உப்புநீர்க் குமிழ் செலுத்தி எடுக்கும் எக்கோ பரிசோதனை போதும். அதில் ஏதாவது தெரிந்தால்தான் ஸ்கேன். பல் பிடுங்குமுன் பல் மருத்துவரிடமும் இதைச் சொல்ல வேண்டும்.

சுண்ணாம்பு, எலுமிச்சை, கஸ்தூரி மஞ்சள் எது பூசினா போகும்? சன்ஸ்க்ரீன் எவ்வளவு போடணும்? அதுவரைக்கும் மறைக்க வழி இருக்குதுங்களா?
– வாசகி, சூலூர்

பூசிப் போகாது. சுண்ணாம்பு காரம், தோலைப் புண்ணாக்கும். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் கொப்புளித்துக் கருக்கும். பற்பசையும் எரிக்கும். மஞ்சள் கெடுதல் செய்யாது, ஆனால் கரகரப்பாக அரைத்துத் தேய்த்தால் மெலிந்த தோல் இன்னும் சிவக்கும்.

சன்ஸ்க்ரீன்தான் இங்கே மருந்து. கோவை 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி முற்பாதியிலும் உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். மேகமூட்டமும் காரின் பக்கக் கண்ணாடியும் புற ஊதா ஏ கதிரை முழுதாகத் தடுக்காது. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத, ஏ, பி இரண்டு கதிரையும் தடுப்பது என்று எழுதியதை வாங்குங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. மூக்கு மடலின் மடிப்பையும் காதையும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பு பூசி, வெயிலில் இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். எரிச்சல் உள்ளவர்களுக்கு ஜிங்க் ஆக்ஸைடு வகை ஒத்துக்கொள்ளும். மாநிறத்தில் கருப்பும் இருந்தால், இரும்பு ஆக்ஸைடு கலந்த நிற சன்ஸ்க்ரீன் இன்னும் நல்லது. தோட்டத்தில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு நான்கு முறை பூசுவது கட்டுப்படியாகாது. அகல விளிம்புத் தொப்பியோ, நெருக்கமாக நெய்த அடர்நிறத் துண்டோ தலைக்கும் கன்னத்துக்கும் சேர்த்துக் கட்டுங்கள். நைந்து வெளிறிய துணி வழியே கதிர் உள்ளே வரும்.

மறைக்கப் பச்சை நிற கரெக்டர் என்று சொல்வார்கள். வெளுத்த தோலுக்கு அது சரி. மாநிறத்தில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். மஞ்சள் கலந்த கரெக்டரைக் கோட்டின் மேல் மட்டும் மெல்லிய பிரஷால் வைத்து, தேய்க்காமல் விரல் நுனியால் ஒற்றி, ஒரு நிமிடம் விட்டு உங்கள் நிறத்து ஃபவுண்டேஷனை மேலே ஒற்றுங்கள். ராத்திரி கழுவும்போது துணியால் துடைக்காமல், க்ளென்சரை விரலால் தடவி வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள்.